டொலரின் விலையிலிருந்து நாட்டின் உற்பத்தி வரை: நாணயமாற்று வீதத்தின் விளைவைக் கணித்தறியும் முறை

ரூபா இறங்கினால் ஏற்றுமதி பெருகும், ஏற்றுமதி பெருகினால் உற்பத்தி வளரும் என்று பொருளியல் பாடநூல்கள் சொல்லித் தருகின்றன. ரூபா இறங்கினால் நாடு முடங்கிவிடும் என்று தேநீர்க் கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சான்று காட்ட முடியும் என்பதுதான் சிக்கல். ஒரு நாட்டின் நாணயம் பெறுமதி இழந்தது அல்லது ஏற்றம் கண்டது என்ற செய்தி வந்தவுடன், அது அந்நாட்டின் உற்பத்தியை எந்தப் பக்கம் நகர்த்தும், எப்போது நகர்த்தும் என்பதை வாசகர் தாமே ஆராய்ந்து பார்ப்பதற்கான வழியை இந்தக் கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக 2021 முதல் 2024 வரையான இலங்கையின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். நான்கு ஆண்டுகளுக்குள் செயற்கையாகப் பிடித்து வைக்கப்பட்ட வீதம், திடீர் வீழ்ச்சி, நிலைபெறல், மீண்டும் ஏற்றம் ஆகிய எல்லாக் கட்டங்களையும் ஒரே நாட்டில் பார்க்கக் கிடைப்பது அரிது.

தேவைப்படும் தரவுகள் அதிகமில்லை. மத்திய வங்கி வெளியிடும் நாணயமாற்று வீதமும் மாதாந்த வெளிநாட்டு வர்த்தக அறிக்கையும், தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் காலாண்டு உற்பத்தி மதிப்பீடும் விலைச் சுட்டெண்ணும் போதும். இவை அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. மற்ற நாடுகளிலும் இவற்றுக்கு இணையான வெளியீடுகள் உண்டு.

சதவீதத்திலும் பெறுமதியிலும் ஏமாறாதிருத்தல்

கணக்கைத் தொடங்குமுன் சதவீதத்தைச் சரியாக எடுக்க வேண்டும். 2021 டிசம்பர் இறுதியில் ஒரு டொலர் ஏறத்தாழ 200.4 ரூபாவாக இருந்தது. 2022 டிசம்பர் இறுதியில் அது 363.1 ரூபாவாகியது. டொலரின் விலை 81 சதவீதம் ஏறியது என்று எழுதுவதும் சரி. ரூபாவின் பெறுமதி 44.8 சதவீதம் இறங்கியது என்று எழுதுவதும் சரி. முதலாவது, ரூபாவைக் கொடுத்து டொலர் வாங்கும் இறக்குமதியாளரின் செலவு எவ்வளவு கூடியது என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, ரூபாவில் சம்பளம் பெறுபவரின் வருமானம் டொலரில் எவ்வளவு குறைந்தது என்பதைக் காட்டுகிறது. செய்திகளில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதப்படுவதால், எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கணக்கிடப்பட்டது என்பதை நீங்களே ஒருமுறை வகுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்து, 'உற்பத்தி' என்று எதை அளக்கிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி நடப்பு விலையில் 2021இல் சுமார் 17.6 ட்ரில்லியன் ரூபாவாக இருந்து, 2022இல் 24 ட்ரில்லியன் ரூபாவை எட்டியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இந்த உயர்வில் ஒரு துளிகூட உண்மையான வளர்ச்சி இல்லை. பொருட்களின் விலைதான் ஏறியிருந்தது. விலை மாற்றத்தை நீக்கிக் கணக்கிட்டபோது, முதலில் வெளியான மதிப்பீட்டின்படி உற்பத்தி 7.8 சதவீதம் சுருங்கியிருந்தது. டொலரில் மாற்றிப் பார்த்தாலோ சுமார் 88 பில்லியனிலிருந்து 80 பில்லியனுக்குக் கீழே இறங்கியது. வெளிநாட்டுக் கடன் நாட்டின் வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்பதற்கு டொலர்க் கணக்கு உதவும். தொழிற்சாலையில் எத்தனை பொருட்கள் செய்யப்பட்டன என்பதை அறிய அது உதவாது. நாம் தேடுவது பிந்தியதை என்பதால், நிலையான விலையில் கணக்கிட்ட எண்ணையே இனிப் பயன்படுத்த வேண்டும்.

வீதம் ஏன் மாறியது என்று கேட்டல்

வீதத்தின் மாற்றத்தைக் காரணமாகவும் உற்பத்தியின் மாற்றத்தை விளைவாகவும் உடனே எழுதிவிடக் கூடாது. பல வேளைகளில் இரண்டுமே வேறொன்றின் விளைவுகளாக இருக்கும். வீதம் சந்தையில் தானாக நகர்ந்ததா, பிடித்து வைக்கப்பட்டிருந்து கைநழுவியதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இலங்கையில் 2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் 7ஆம் திகதி வரை ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டியே வைத்திருக்கப்பட்டது. திரையில் எண் அசையவில்லை. ஆனால் அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகக் கையிருப்பு கரைந்தது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு, 2022 மார்ச் இறுதியில் 2 பில்லியனுக்கும் கீழே போயிருந்தது. அதிலும் பெரும்பகுதி சீன மத்திய வங்கியுடனான பரிமாற்ற ஒப்பந்தப் பணம். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி தரும் 200 ரூபாவை விட்டுவிட்டு, அதைவிடக் கூடுதலாகத் தந்த உண்டியல் வழியில், அதாவது வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் வழியில், பணம் அனுப்பினர். 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த பணவனுப்பல் 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் வங்கிக் கணக்கில் பதிவாகியதற்கு இது முக்கிய காரணம். அந்த டொலர்கள் இல்லாததால் எரிபொருள் கப்பலுக்குப் பணம் கட்ட முடியவில்லை. மூலப்பொருளுக்கு வங்கிகள் கடன் கடிதம் (விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதி) திறக்கவில்லை. ஆக, வீதம் அசையாமல் நின்ற மாதங்களிலேயே உற்பத்திக்கான சேதம் தொடங்கிவிட்டது. வீதம் பிடித்து வைக்கப்பட்டுள்ள நாட்டை ஆராயும்போது, அறிவிக்கப்பட்ட வீதத்துக்கும் வெளிச்சந்தை வீதத்துக்கும் இடையிலான தூரத்தையும், ஒதுக்கு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும் என்பதையும் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

மெய் வீதத்தைக் கணக்கிடுதல்

டொலர் 81 சதவீதம் விலையேறியது என்பதால் ஏற்றுமதியாளருக்கு 81 சதவீத வாய்ப்புக் கிடைத்தது என்று எண்ணக் கூடாது. அதே காலத்தில் உள்நாட்டு விலைகளும் ஏறியிருக்கும். பெயரளவு வீதத்தின், அதாவது சந்தையில் காணும் வீதத்தின், மாற்றத்தை வெளிநாட்டு விலை மாற்றத்தால் பெருக்கி, உள்நாட்டு விலை மாற்றத்தால் வகுத்தால் மெய் வீதத்தின் மாற்றம் கிடைக்கும்.

இலங்கைக்கு இதைச் செய்து பார்ப்போம். 2021 டிசம்பருக்கும் 2022 டிசம்பருக்கும் இடையில் டொலரின் விலை 1.812 மடங்காகியது. அதே பன்னிரண்டு மாதங்களில் அமெரிக்க நுகர்வோர் விலைகள் 6.5 சதவீதமும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 57.2 சதவீதமும் ஏறின. 1.812ஐ 1.065ஆல் பெருக்கி 1.572ஆல் வகுத்தால் 1.23 அளவில் விடை வரும். எண்பத்தொரு சதவீதமாகத் தோன்றிய வாய்ப்பு, உள்ளபடியே சுமார் இருபத்துமூன்று சதவீதம்தான். மீதியைப் பணவீக்கம் விழுங்கிவிட்டது.

இங்கே அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொண்டது கணக்கின் எளிமைக்காக. ஒரு நாடு பல நாடுகளுடன் வர்த்தகம் செய்வதால், வர்த்தகப் பங்குக்கு ஏற்ப நிறை கொடுத்துக் கணக்கிட்ட மெய் விளைவுள்ள நாணயமாற்று வீதச் சுட்டெண்ணைப் பயன்படுத்துவதே முறை. இலங்கை மத்திய வங்கி இதை 5 நாணயங்களுக்கும் 24 நாணயங்களுக்கும் தனித்தனியே வெளியிடுகிறது. இந்திய ரிசர்வ் வங்கி 40 நாணயங்களைக் கொண்டு கணக்கிடுகிறது. ரூபா டொலருக்கு எதிராக இறங்கினாலும், போட்டி நாடுகளின் நாணயங்கள் அதைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால் ஏற்றுமதியாளரின் கைக்கு எதுவும் வந்திருக்காது. சுட்டெண்ணைப் பார்த்தால்தான் அது தெரியும்.

ஒரு சட்டையின் செலவுக் கணக்கு

விலை மாற்றத்தைக் கழித்த பிறகும் ரூபா இறங்கியதை உறுதி செய்த பிறகு, அந்த நாடு எதை ஏற்றுமதி செய்கிறது, அதற்குள் இறக்குமதி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கே சற்று நேரம் செலவிடுவதற்கு ஏற்ற பலன் உண்டு.

பத்து டொலருக்கு விற்கும் ஒரு சட்டையைக் கற்பனை செய்துகொள்வோம். துணி, பொத்தான், நூல், பட்டி என்று ஆறு டொலர் பெறுமதியான பொருட்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. டொலர் 200 ரூபாவாக இருக்கும்போது தொழிற்சாலைக்கு 2,000 ரூபா வருகிறது. இறக்குமதிக்கு 1,200 போக 800 மிஞ்சுகிறது. கூலி, மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு 700 ரூபா கொடுத்தால் இலாபம் 100. இனி டொலர் 360 ரூபாவாகிறது. வரவு 3,600, இறக்குமதிச் செலவு 2,160, மிச்சம் 1,440. உள்நாட்டுச் செலவு அறுபது சதவீதம் ஏறி 1,120 ஆனால் இலாபம் 320. இதைப் பார்த்தால் தொழிற்சாலைக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் வெளிநாட்டுக் கொள்வனவாளரும் நாணயமாற்று வீதத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் ஐந்து சதவீதம் விலையைக் குறைக்கச் சொல்லி, சட்டை ஒன்பதரை டொலருக்கு இறங்கினால் இலாபம் 140 ரூபாவுக்கு வந்துவிடும். பணவீக்கத்தைக் கழித்தால் அது பழைய 100 ரூபாவைவிடக் குறைவு.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இலாபம் 100ஆக இருந்தாலும் 320ஆக இருந்தாலும், ஆயிரம் சட்டை தைத்த இடத்தில் ஆயிரம் சட்டைதான் தைக்கப்பட்டது என்றால் நாட்டின் மெய் உற்பத்தி ஒரு நூலளவும் கூடவில்லை. வருமானம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை கூட வேண்டுமானால் புதிய ஓடர் வர வேண்டும். தைக்க ஆள், மின்சாரம், ஆட்களை ஏற்றிவர வாகனத்துக்கு டீசல் எல்லாம் இருக்க வேண்டும். 2022இன் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தேவை தளர்ந்ததால் ஓடர்கள் குறைந்தன. மலிவான ரூபாவால் அதைச் சரிசெய்ய முடியவில்லை.

தேயிலைக்கு இறக்குமதிப் பங்கு குறைவு என்பதால் அங்கே நிலைமை மேலாக இருந்திருக்க வேண்டும். தோட்டங்களின் ரூபா வருமானம் ஏறியதும் உண்மை. ஆனால் 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதன் தாக்கம் செடிகளில் தெரிந்தது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி அடுத்த ஆண்டில் 250 மில்லியன் கிலோ அளவுக்கு விழுந்தது. டொலரில் ஏற்றுமதி வருமானமும் 1.32 பில்லியனிலிருந்து 1.26 பில்லியனாக இறங்கியது. தேயிலைச் செடி நாணயச் சந்தையைப் பார்த்துத் துளிர்ப்பதில்லை. புதிதாக நட்டால் பறிப்பதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். விலை ஏறும்போது உற்பத்தியை எவ்வளவு விரைவில் கூட்ட முடியும் என்பதை ஒவ்வொரு ஏற்றுமதிப் பொருளுக்கும் தனியே எழுதிக்கொள்ள வேண்டும்.

உள்நாட்டிலேயே நூற்ற பருத்தி நூலைப் பெரிதும் பயன்படுத்தும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்கு இதே கணக்கைப் போட்டால் விடை வேறாக வரும். ஆடை ஏற்றுமதி என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு நாடுகளையும் சேர்த்துப் பேசுவதில் பொருளில்லை.

இறக்குமதி குறைந்ததன் காரணத்தைப் பிரித்தல்

2022இல் இலங்கையின் பொருள் ஏற்றுமதி 12.5 பில்லியன் டொலரிலிருந்து 13.1 பில்லியனாகக் கூடியது, இறக்குமதி 20.6 பில்லியனிலிருந்து 18.3 பில்லியனாகக் குறைந்தது. வர்த்தகப் பற்றாக்குறை 8.1 பில்லியனிலிருந்து 5.2 பில்லியனாகச் சுருங்கியது. பாடநூலைத் திறந்து பார்த்தால் வீதம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆனால் அதே ஆண்டில் கைத்தொழில் உற்பத்தி 16 சதவீதம் சரிந்தது.

இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது? மொத்த உள்நாட்டு உற்பத்திச் சூத்திரத்தில் (நுகர்வு + முதலீடு + அரச செலவு + ஏற்றுமதி − இறக்குமதி) இறக்குமதிக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதைக் கண்டு, இறக்குமதி குறைந்தால் உற்பத்தி தானாகக் கூடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். நுகர்விலும் முதலீட்டிலும் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வெளிநாட்டுப் பொருளை நீக்குவதற்காகத்தான் அந்தக் கழித்தல் குறி இருக்கிறது. இறக்குமதி குறைவது நல்லதா கெட்டதா என்பது எது குறைந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே மாதாந்த வர்த்தக அறிக்கையில் நுகர்வுப் பொருள், இடைநிலைப் பொருள் (வேறு பொருள் செய்யப் பயன்படுவது), முதலீட்டுப் பொருள் என்ற மூன்று பிரிவுகளையும் தனியே எடுத்துப் பாருங்கள். சொகுசுக் காரும் வெளிநாட்டுப் பழமும் வராமற்போனால், அதன் இடத்தை உள்நாட்டுப் பொருள் நிரப்பக்கூடும். எரிபொருள், உரம், சீமெந்துக்கான மூலப்பொருள், இயந்திர உதிரிப்பாகம் ஆகியவை வராமற்போனால் அந்த இடத்தை நிரப்ப உள்நாட்டில் எதுவும் இல்லை, தொழிற்சாலை மூடப்படும்.

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு இருந்தது. அதே மாதத்தில் தாளும் மையும் கிடைக்காததால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற முச்சக்கரவண்டி ஓட்டுநரின் உழைப்பு நாட்களும், கடலுக்குப் போகாமல் கரையில் கிடந்த படகுகளும் அந்த 7.8 சதவீதத்துக்குள் அடங்கியவைதான். பற்றாக்குறை சுருங்கிய செய்தியை நற்செய்தியாக வாசிக்குமுன் இடைநிலைப் பொருள் பிரிவைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். வீதத்தின் அளவைவிட இந்த ஒரு பிரிவே உற்பத்தியைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பது என் கருத்து.

கடனும் வட்டியும்

கடன் எந்த நாணயத்தில் உள்ளது என்பது அடுத்த கேள்வி. தாய்லாந்தில் 1997 ஜூலை 2ஆம் திகதி பாத் மிதக்கவிடப்பட்டது, அதாவது அதன் வீதம் சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. ஒரு டொலர் 25 பாத் அளவில் நிலைத்திருந்த காலத்தில் டொலரில் கடன் வாங்கியிருந்த நிறுவனங்கள், 1998 ஜனவரியில் வீதம் 50ஐத் தாண்டியபோது அதே கடனுக்கு இரு மடங்கு பாத் கட்ட வேண்டியதாயிற்று. ஏற்றுமதிக்குச் சாதகமான வீதம் இருந்தும் ஏற்றுமதி செய்ய வேண்டிய நிறுவனங்கள் கடனில் மூழ்கியதால், 1998இல் உற்பத்தி கடுமையாகச் சுருங்கியது. இலங்கையில் இந்தச் சுமை பெரிதும் அரசின் தோளில் இருந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது.

வட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்பு, ஏப்ரல் 8ஆம் திகதி, மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. பின்னர் திறைசேரி உண்டியல் (அரசு குறுகிய காலக் கடன் பெறும் பத்திரம்) வட்டி 30 சதவீதத்தையும் தாண்டியது. அந்த வட்டியில் கடன் வாங்கி யாரும் கட்டடம் கட்ட மாட்டார்கள். எனவே 2022இன் சுருக்கம் முழுவதையும் ரூபாவின் வீழ்ச்சிக் கணக்கில் எழுதினால், வட்டி செய்த வேலையையும் அதிலேயே சேர்த்துவிடுவோம்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். 1992 செப்டம்பர் 16ஆம் திகதி பிரித்தானியா, உறுப்பு நாடுகளின் நாணயங்களைக் குறித்த வீத எல்லைக்குள் பிடித்து வைத்திருந்த ஐரோப்பிய நாணயமாற்றுப் பொறிமுறையிலிருந்து விலகியதும் பவுண் இறங்கியது. ஆனால் அங்கே கடன் பெரும்பாலும் பவுணிலேயே இருந்தது. வேலையற்றோரும் பயன்படாத இயந்திரங்களும் ஏராளமாக இருந்தன. பிடித்து வைத்திருந்த வீதத்தைக் காக்க வேண்டிய கட்டாயம் நீங்கியதால் வட்டி 10 சதவீதத்திலிருந்து 1993 ஜனவரிக்குள் 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உற்பத்தி மீண்டது. வீழ்ச்சியோடு வட்டி ஏறியதா இறங்கியதா என்ற ஒரு கேள்வியே இவ்விரு நாடுகளையும் பெருமளவு பிரித்துக் காட்டிவிடும்.

காலாண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தல்

ஆண்டுக் கணக்கு பல உண்மைகளை மறைத்துவிடும். முதலில் வெளியான மதிப்பீடுகளின்படி, 2022இன் நான்கு காலாண்டுகளில் இலங்கையின் உற்பத்தி முறையே 1.6, 8.4, 11.8, 12.4 சதவீதம் சுருங்கியது. ரூபா வீழ்ந்தது மார்ச் முதல் மே வரை. அதன் பிறகு 360ஐ ஒட்டியே நின்றது. அதாவது வீதம் அசையாமல் நின்ற ஆண்டின் இரண்டாம் பாதியில்தான் உற்பத்தி அடிமட்டத்துக்குப் போனது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஓடர்கள் பழைய விலையிலேயே போவதும், களஞ்சியத்தில் இருந்த மூலப்பொருள் தீரும்வரை தாக்கம் தெரியாமல் இருப்பதும், வட்டி உயர்வு முதலீட்டைத் தொட இரண்டு மூன்று காலாண்டுகள் எடுப்பதும் இந்தத் தாமதத்துக்குக் காரணங்கள். 2023இன் முதற் காலாண்டிலும் 11.5 சதவீதச் சுருக்கம் இருந்தது. மூன்றாம் காலாண்டில்தான் 1.6 சதவீத வளர்ச்சி திரும்பியது. வீதத்தின் வரைபடத்தையும் உற்பத்தியின் வரைபடத்தையும் ஒரே தாளில் வரையும்போது, உற்பத்திக் கோட்டை இரண்டு, மூன்று, நான்கு காலாண்டுகள் பின்னோக்கி நகர்த்தி ஒவ்வொரு முறையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிந்திய வெளியீடுகளில் இந்த எண்கள் சற்றுத் திருத்தப்படுவதால், எந்த வெளியீட்டிலிருந்து எடுத்தீர்கள் என்பதைக் குறித்து வைப்பதும் அவசியம்.

நாணயம் ஏறும்போது

வீழ்ச்சிக்குச் சொன்ன கேள்விகள் ஏற்றத்துக்கும் பொருந்தும். 2023 இறுதியில் டொலர் 324 ரூபாவாகவும் 2024 இறுதியில் 293 ரூபாவை ஒட்டியும் இறங்கியது. ரூபா வலுப்பெற்றதால் ஏற்றுமதியாளர் முணுமுணுத்தது இயல்பே. ஆயினும் 2024இல் உற்பத்தி 5 சதவீதம் வளர்ந்தது. உண்டியலுக்குப் போன பணம் மீண்டும் வங்கிக்கு வந்தது. 2023இல் பணவனுப்பல் ஏறத்தாழ 6 பில்லியன் டொலரை எட்டியது. சுற்றுலாப் பயணிகள் திரும்பினர். டொலர் கிடைத்ததால் மூலப்பொருள் வந்தது, வட்டி இறங்கியது. ரூபாவை ஏற்றிய காரணங்களே உற்பத்தியையும் ஏற்றியதால், ரூபா ஏறியது உற்பத்தியைக் கெடுத்ததா என்ற கேள்விக்கு இந்த இரண்டு ஆண்டுகளின் எண்களை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. மெய் வீதச் சுட்டெண் தொடர்ந்து ஏறி (முந்தைய கணக்குக்கு மாறாக, இந்தச் சுட்டெண் ஏறுவது ரூபா வலுப்பெறுவதைக் குறிக்கும்), ஏற்றுமதி ஓடர்கள் போட்டி நாடுகளுக்கு நகரத் தொடங்கினால்தான் அந்தக் கேள்வி உயிர் பெறும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் தனிப்பட்ட பாவனைக்குரிய வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இந்த முறையைப் பழகிப் பார்க்க அதுவே நல்ல இடம். 2025 பெப்ரவரி தொடங்கி ஒவ்வொரு மாத வர்த்தக அறிக்கையிலும் வாகன இறக்குமதியைத் தனியே கழித்து வைத்துவிட்டு, மிஞ்சுவதில் இடைநிலைப் பொருள் இறக்குமதியையும் அந்த மாத இறுதியின் ஒதுக்கையும் மெய் வீதச் சுட்டெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இரண்டு காலாண்டுகள் கழித்து வெளியாகும் கைத்தொழில் உற்பத்தி மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.